எரிகோ சாலையும் ஷார்த்ர் சாளரமும்



பொதுக்காலம் 15ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு. நற்செய்தி வாசகம் நல்ல சமாரியர் உவமை. மறைக்கல்வி வகுப்பில் முதன்முதலில் உட்கார்ந்த நாளிலிருந்து நாம் கேட்டுவரும் கதை இது. குரு போனார், லேவியர் போனார், சமாரியர் நின்றார். நாமும் அவரைப் போல் நிற்க வேண்டும். மறையுரைக்கு இதைவிட எளிதான ஞாயிறு இல்லை என்று குருக்களாகிய நாம் நமக்குள் பேசிக்கொள்வதுண்டு. எளிது என்று நினைப்பதால்தான் பல ஆண்டுகளாக ஒரே மறையுரையைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இந்த வாரம் இந்த உவமையை நூலிலிருந்து அல்ல, ஒரு சன்னலிலிருந்து வாசிப்போம். 800 ஆண்டுப் பழைமையான வண்ணக் கண்ணாடிச் சன்னல். வானொலியில் கண்ணாடியைக் காட்ட வழியில்லை. ஆகவே நேயர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் குற்றமில்லை. மறையுரை நேரத்தில் கண்ணை மூடுவது நம்மில் பலருக்குப் பழக்கமானதுதானே!

அந்தச் சன்னல் பிரான்சு நாட்டில், பாரிசுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஷார்த்ர் நகரின் அன்னை மரியா பேராலயத்தில் இருக்கிறது. சுற்றிலும் கோதுமை வயல்கள். சமவெளியில் வெகுதூரம் முன்னதாகவே இரு கோபுரங்கள் தெரியும். இரண்டும் ஒரே உயரம் இல்லை, ஒரே காலத்தவையும் இல்லை. மன்னர் வழுக்கை சார்லஸ் 9ஆம் நூற்றாண்டில் அளித்ததாகச் சொல்லப்படும், அன்னை மரியா அணிந்திருந்ததாக மக்கள் நம்பி வணங்கிய ஒரு துணி அங்கே பேணப்பட்டு வந்தது. திருப்பயணிகள் அதைத் தேடித்தான் வந்தார்கள்.

1194ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் இரவு நகரில் பெருந்தீ. பேராலயத்தின் பெரும்பகுதி எரிந்து விழுந்தது. கோவில் போனதைவிட அந்தப் புனிதத் துணி போய்விட்டதே என்பதுதான் மக்களுக்குப் பேரிடி. அன்னை தங்களைக் கைவிட்டுவிட்டார் என்று அழுதார்கள். அப்போது திருத்தந்தையின் தூதராக அங்கிருந்த கர்தினால் மெலியோர், மக்களைக் கூட்டி மீண்டும் கட்டுமாறு பேசினார் என்றும், நிலவறைக்குள் ஒதுங்கியிருந்த சிலர் அந்தத் துணியை எரியாமல் காத்து வெளியே கொண்டுவந்தனர் என்றும் அக்காலத்து அற்புதங்களின் தொகுப்பு நூல் சொல்கிறது. அன்னை பழைய கோவிலை எரியவிட்டது இதைவிட அழகான கோவிலை விரும்பித்தான் என்று மக்கள் அதற்குப் பொருள் கொண்டார்கள். இடிபாட்டின் முன் நின்று அப்படிப் பொருள்கொள்ள ஒரு துணிவு வேண்டும்.

புதிய கோவில் வியக்கத்தக்க வேகத்தில் எழுந்தது. 1260இல் மன்னர் ஒன்பதாம் லூயி, நாம் புனித லூயி என்று வணங்குபவர், முன்னிலையில் அது அருள்பொழிவு செய்யப்பட்டது. 170க்கும் மேற்பட்ட வண்ணச் சாளரங்கள், அவற்றின் பரப்பு ஏறத்தாழ 2,600 சதுர மீட்டர். பெரும்பாலானவை 13ஆம் நூற்றாண்டின் முதல் சில பத்தாண்டுகளில் செய்யப்பட்டவை. மேற்கு முகப்பின் மூன்று நெடுஞ்சாளரங்கள் தீக்கு முந்தியவை. 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தவை. ஐரோப்பாவில் வேறெங்கும் இந்த அளவு பழைய கண்ணாடி தன் இடத்திலேயே தங்கியிருப்பது அரிது.

இவற்றை எப்படிச் செய்தார்கள்? தியோபிலுஸ் என்ற புனைபெயரில் எழுதிய ஒரு துறவி, 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கைத்தொழில்களைப் பற்றிய நூலொன்றில் விளக்கமாகச் சொல்லியிருக்கிறார். பீச் மரத்தின் சாம்பல் இரண்டு பங்கு, கழுவிய மணல் ஒரு பங்கு, இதுதான் கண்ணாடி. சாம்பலும் மணலும்! நீலத்துக்குக் கோபால்ட், சிவப்புக்குச் செம்பு. சிவப்பு மிக அடர்ந்தது. முழுத் தகடும் சிவப்பாக இருந்தால் ஒளி புகாமல் கறுத்துவிடும். அதனால் நிறமற்ற கண்ணாடியின்மேல் மெல்லிய சிவப்புப் படலம் ஏற்றினார்கள். பெரிய மரப்பலகையில் சுண்ணம் பூசி, அதில் சாளரத்தின் படத்தை முழு அளவில் வரைவார்கள். கண்ணாடியை அதன்மேல் வைத்து, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் பிளப்பார்கள். முகமும் விரல்களும் ஆடை மடிப்பும் கரும்பழுப்பு மையால் எழுதப்படும். உலோகத் தூளும் அரைத்த கண்ணாடியும் சேர்ந்த அந்த மையைத் திராட்சை மதுவிலோ சிறுநீரிலோ குழைக்கச் சொல்கிறார் தியோபிலுஸ். பிறகு சூளையில் சுட்டு, துண்டுகளை ஈயப் பட்டைகளால் இணைப்பார்கள். தொலைவிலிருந்து பார்க்கும் நமக்குப் படத்தின் கறுப்புக் கோடுகளாகத் தெரிபவை அந்த ஈயப் பட்டைகளே. சாளரத்தைத் தாங்கி நிற்பவையும் அவையே.

இனி ஒரு பழகிய சொல்லைச் சற்றுத் தட்டிப் பார்ப்போம். வண்ணச் சாளரங்களை 'ஏழைகளின் விவிலியம்' என்று சொல்வது வழக்கம். இதன் வேர், கி.பி. 600 அளவில் திருத்தந்தை பெரிய கிரகோரியார், மார்செய் நகர ஆயர் செரேனுசுக்கு எழுதிய மடலில் இருக்கிறது. மக்கள் சிலை வணக்கத்தில் விழுந்துவிடுவார்கள் என்று அஞ்சிய செரேனுஸ், தம் கோவில்களிலிருந்த உருவங்களை உடைத்தெறிந்தார். படங்களை வணங்கக் கூடாது என்பது சரி, ஆனால் உடைக்கவும் கூடாது, எழுத்தறியாதவர் சுவரில் பார்த்து வாசிக்கட்டும் என்று கிரகோரியார் அவரைக் கண்டித்தார். நல்ல கண்டிப்பு. ஆயினும் ஷார்த்ர் சாளரத்தின் முன் நின்று, எழுத்தறியாத ஓர் உழவர் தாமாகவே அதை வாசித்திருப்பார் என்று நம்மால் நம்ப முடியவில்லை. எழுத்தறிந்த நமக்கே அது எளிதில் விளங்குவதில்லை. மேல்மாடச் சாளரங்களில் பெரிய தனி உருவங்கள். அவற்றைக் கீழிருந்து அடையாளம் காணலாம். பக்கச்சிறகுச் சாளரங்களிலோ வட்டம், கால்வட்டம், சாய்சதுரம் எனச் சின்னச் சின்னக் கட்டங்களில் கதைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எப்படிப் போவது என்று யாராவது விரல் நீட்டிக் காட்ட வேண்டும். படம் போதும், மறையுரை வேண்டாம் என்று அந்தக் கண்ணாடி சொல்லவில்லை. மறையுரையாளரைக் கேட்டு நிற்கும் கண்ணாடி அது.

நாம் தேடும் சாளரம் மக்கள் நிற்கும் நடுக்கூடத்தின் தெற்குப் பக்கச்சிறகில் உள்ளது. தெற்கு என்பதால் வெயில் நேராக விழும் பக்கம். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. கீழிருந்து மேலாக வாசிக்க வேண்டும்.

அடியில் காலணி தைக்கும் தொழிலாளர்கள் தங்கள் வேலையில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பிறகு பேசுவோம். அடுத்து, இயேசுவிடம் கேள்வி கேட்கும் பரிசேயர். பின்பு எருசலேமின் வாயிலை விட்டு ஒரு மனிதர் புறப்படுகிறார். கள்வர்கள் ஆடையைப் பறித்து அடிக்கிறார்கள். குருவும் லேவியரும் பார்த்துக்கொண்டே கடந்து போகிறார்கள். சமாரியர் காயங்களைக் கட்டுகிறார். தம் விலங்கின்மேல் ஏற்றிச் சாவடிக்குக் கொண்டுபோகிறார். சாவடியில் காயம்பட்டவர் படுக்கையில் கிடக்கிறார், சமாரியர் அருகில் இருந்து பார்த்துக்கொள்கிறார். உவமை முடிந்தது.

ஆனால் சாளரம் முடியவில்லை! ஏறத்தாழப் பாதித் தொலைவுதான் வந்திருக்கிறோம். சாவடிக்கு மேலே இறைவன் ஆதாமைப் படைக்கிறார். ஏவாளைப் படைக்கிறார். கனியை உண்ண வேண்டாம் என்கிறார். உண்கிறார்கள், ஒளிகிறார்கள், துரத்தப்படுகிறார்கள். ஆதாம் மண்ணைக் கொத்துகிறார், ஏவாள் நூல் நூற்கிறார். அவற்றுக்கும் மேலே காயின் ஆபேலைக் கொல்கிறான். உச்சியில் கிறிஸ்து அரியணையில் வீற்றிருக்கிறார்.

லூக்கா நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே யாரோ தொடக்கநூலைத் திறந்துவிட்டதுபோல் இருக்கிறது. ஒரு சொல் விளக்கமும் இல்லை. பழைய நூல்களை அறியாமல் இதைப் பார்ப்பவர், கண்ணாடி பதித்தவர் கட்டங்களை மாற்றி வைத்துவிட்டார் என்றுதான் நினைப்பார்.

மாற்றி வைக்கவில்லை. 3ஆம் நூற்றாண்டில் ஓரிஜென் லூக்கா நற்செய்தியைப் பற்றி ஆற்றிய மறையுரை ஒன்றில், தமக்கு முந்திய மூப்பர் ஒருவரின் விளக்கம் என்று சொல்லி இதைத் தருகிறார். வழிப்போக்கர் ஆதாம். எருசலேம் விண்ணக இன்பவனம். எரிகோ இவ்வுலகம். கள்வர்கள் தீய சக்திகள். குரு என்பது திருச்சட்டம், லேவியர் என்பது இறைவாக்கினர். இரண்டும் மனிதரைக் கண்டன, ஆனால் தூக்கி நிறுத்த அவற்றால் இயலவில்லை. சமாரியர் கிறிஸ்து. அவர் ஏற்றிய விலங்கு அவர் எடுத்த மனித உடல். சாவடி திருஅவை. திரும்பி வருவேன் என்று சொன்னது இரண்டாம் வருகை. புனித அகுஸ்தினார் இதை மேலும் விரித்தார். எரிகோ என்ற பெயருக்கு நிலவு என்று பொருள் கொண்டு, வளர்ந்து தேயும் நிலவு நம் சாவுக்குரிய இயல்பு என்றார். இரு தெனாரியங்கள் அன்பின் இரு கட்டளைகள். சாவடிப் பொறுப்பாளர் திருத்தூதர் பவுல். பவுலைச் சாவடி நடத்துபவராக நினைத்துப் பார்ப்பது நமக்குப் புன்னகை வரவழைக்கிறது. காசைப் பற்றி அவர் கொரிந்தியருக்கு எழுதியதைப் படித்தவர்களுக்கு அது பொருத்தமாகவும் தோன்றும்.

யோவான் நற்செய்தியின் 8ஆம் அதிகாரத்தில் எதிரிகள் இயேசுவைச் சமாரியன் என்றும் பேய் பிடித்தவன் என்றும் திட்டுகிறார்கள். பேய் பிடித்தவனல்ல என்று அவர் மறுக்கிறார். சமாரியனல்ல என்று மறுக்கவேயில்லை. இந்த மௌனத்தை ஓரிஜெனும் அகுஸ்தினாரும் பிடித்துக்கொண்டார்கள். திட்டுச் சொல்லை அவர் தம் பெயராக ஏற்றுக்கொண்டார் என்றார்கள்.

இந்த விளக்கம் பல நூற்றாண்டுகள் விவிலியப் பிரதிகளின் ஓரங்களில் குறிப்புரையாக எழுதப்பட்டு வந்தது. பேராலயப் பள்ளிகளில் மாணவர்கள் படித்தது அதைத்தான். சாளரத்துக்குத் திட்டம் வகுத்தவர்களும் அதைப் படித்தவர்களே. பிரெஞ்சு அறிஞர் எமில் மாள் 1898இல் வெளியிட்ட நூலில் இந்தத் தொடர்பை எடுத்துக்காட்டிய பிறகுதான், 'மாற்றி வைத்த கட்டங்கள்' மீண்டும் பேசத் தொடங்கின. குருத்துவக் கல்லூரியில் இறைவார்த்தைக்குச் சொற்பொருள், உருவகப் பொருள், ஒழுக்கப் பொருள், நிறைவுகாலப் பொருள் என நான்கு உண்டு என்று தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். தேர்வு முடிந்ததும் மறந்தோம். ஷார்த்ர் சாளரத்தில் அவை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன.

பிரான்சில் இந்த உவமைக்கு வேறு பேராலயங்களிலும் சாளரங்கள் உண்டு. சான்ஸ் நகரப் பேராலயத்தில் நடுவில் உவமை. ஒவ்வொரு காட்சியையும் சுற்றி அதன் உட்பொருள் வட்டங்களாக அமைந்திருக்கிறது. வழிப்போக்கர் அடிபடும் இடத்தைச் சுற்றி ஆதாம் ஏவாளின் வீழ்ச்சி, குருவும் லேவியரும் கடந்துபோகும் இடத்தைச் சுற்றி மோசேயின் காலம், சாவடிக்குப் போகும் இடத்தைச் சுற்றி ஆண்டவரின் பாடுகள். அது பாடம் நடத்தும் சாளரம். விடையை வினாவின் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. பூர்ஷ் நகரச் சாளரமோ, பெரும்பாலான சாளரங்களுக்கு மாறாக, மேலிருந்து கீழாக ஓடுகிறது. அதிலும் பொருள் உண்டு. எருசலேம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எரிகோ கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 250 மீட்டர். இடையிலுள்ள தொலைவு முப்பது கிலோமீட்டருக்கும் குறைவு. அந்தச் சாலை பாலை வழியே சரிந்து விழுகிறது. பூர்ஷ் சாளரத்தில் நம் கண் அந்த மனிதரோடு இறங்குகிறது. ஷார்த்ர் சாளரத்திலோ, அவர் இறங்க இறங்க நம் கண் ஏறுகிறது. நமக்குப் பிடித்தது இதுவே. சாவடிக்கு வந்துசேரும் வரை அவர் தாழ்ந்துகொண்டே போவதாகத்தான் கதை, ஆனால் நாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இனிக் காலணி தைப்பவர்கள். ஷார்த்ர் சாளரங்களின் அடியில் மன்னர்களும் கோமகன்களும் மட்டுமல்ல, ரொட்டி சுடுவோர், இறைச்சி விற்போர், தண்ணீர் சுமப்போர், தச்சர், மென்மயிர்த் தோல் வணிகர், நாணயம் மாற்றுவோர் என்று ஊரே இருக்கிறது. மகதலா மரியா சாளரத்தின் அடியில் தண்ணீர் சுமப்போர். நோவாவின் சாளரத்தில் தச்சர். தொழிலாளர் சங்கங்கள் பக்தியோடு பணம் திரட்டிக் கொடுத்தன, அதன் அடையாளமே இவை என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் ஜேன் வெல்ச் வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர் 1993இல் வெளியிட்ட நூலில் இதைக் கேள்விக்கு உட்படுத்தினார். அந்தக் காலத்து ஷார்த்ரில் தொழிலாளர் சங்கங்கள் வலுவாக அமைந்திருக்கவில்லை. ஊர் வணிகத்தில் பேராலயக் குருக்கள் குழுவுக்குப் பெரும் பங்கு இருந்தது. தொழிலாளர் மகிழ்ந்து காணிக்கை தரும் படம், குருக்கள் அவர்களிடம் எதிர்பார்த்ததன் படமாகவும் இருக்கலாம் என்றார். அறிஞர்களிடையே இந்த வாதம் ஓயவில்லை.

1210ஆம் ஆண்டு அக்டோபரில் நகரத்தார் கூட்டமாகத் திரண்டு பேராலயக் குருக்கள் குழுத் தலைவரின் இல்லத்தைத் தாக்கினார்கள் என்பது மட்டும் வரலாறு. மன்னர் இரண்டாம் பிலிப் தலையிட்டுக் குற்றவாளிகளுக்குத் தண்டம் விதிக்க வேண்டியதாயிற்று. நம் சாளரம் பதிக்கப்பட்ட காலமும் ஏறத்தாழ அதுவே. மேலே கண்ணாடியில் குரு காயம்பட்டவரைக் கடந்துபோகிறார். கீழே தெருவில் மக்கள் குருவின் வீட்டுக் கதவை உடைக்கிறார்கள். அந்தச் சாளரத்தடியில் ஒரு காலணித் தொழிலாளி நின்று பார்த்திருந்தால் எந்தக் கட்டத்தை அதிக நேரம் பார்த்திருப்பார்? திருச்சட்டம் இயலாமல் நின்றதன் உருவகம் அந்தக் குரு என்று படித்தவர் அவருக்கு விளக்கியிருக்கலாம். அவருக்கு அவர் ஒரு குருவாகத்தான் தெரிந்திருப்பார்.

இங்கே நமக்கும் ஒரு வார்த்தை இருக்கிறது. குருவின் செயலுக்குச் சாக்குச் சொல்லும் விளக்கம் ஒன்று உண்டு. கிடப்பவர் இறந்துவிட்டிருந்தால், தொட்டால் தீட்டு, வழிபாடு நடத்த முடியாது, அதனால் ஒதுங்கினார் என்பார்கள். மறையுரைகளில் நாமும் சொல்லியிருக்கிறோம். லூக்காவைக் கவனித்துப் படித்தால் அந்தச் சாக்கு நிற்காது. அடிபட்டவர் 'இறங்கிப் போனார்' என்பதற்கு ஆளும் அதே கிரேக்கச் சொல்லையே லூக்கா குருவுக்கும் ஆளுகிறார். குருவும் எருசலேமிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். கோவிலுக்குப் போகவில்லை, கோவிலிலிருந்து வந்துகொண்டிருந்தார். அன்றைய பணி முடிந்துவிட்டது.

நம் கதையில் அந்த ஆறுதலும் இல்லை, ஏனென்றால் நாம் கோவிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு கிளைப்பங்கில் மாலைத் திருப்பலி. ஏற்கெனவே நேரம் கடந்திருந்தது. சாலையோரத்தில் மிதிவண்டி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அருகில் ஒரு பெரியவர் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்தவில்லை. மக்கள் காத்திருப்பார்கள், பின்னால் யாராவது வருவார்கள் என்று மனம் சொன்னது. அன்று என்ன மறையுரை வைத்தோம் என்பது சுத்தமாக நினைவில்லை. கவிழ்ந்த மிதிவண்டியின் சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

ஆகவே, சமாரியர் கிறிஸ்துவே என்ற பழைய விளக்கத்தை நாம் சற்று அச்சத்தோடுதான் கையாளுகிறோம். அது உண்மை, ஆனால் வசதியான உண்மையாகவும் ஆகிவிடக்கூடும். தூக்கிச் சுமப்பவர் கிறிஸ்து, கிடப்பவர் நாம் என்றால், சாலையோரத்தில் கிடக்கும் மூன்றாவது ஆள் ஒருவர் கதையிலிருந்து மெல்ல மறைந்துபோவார். மறுபக்கம், நல்லது செய்யுங்கள் என்று மட்டும் ஞாயிறுதோறும் சொன்னால், களைத்துப்போனவர் மேல் இன்னொரு மூட்டையை ஏற்றுகிறோம். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 'நாசரேத்து இயேசு' நூலில் திருஅவைத் தந்தையரின் விளக்கத்தை மதிப்போடு எடுத்துப் பேசினார்; நாம் எல்லாரும் முதலில் அன்பு செய்யப்பட வேண்டியவர்கள் என்பதை அது காட்டுகிறது என்று கண்டார். திருத்தந்தை பிரான்சிஸ் 2020இல் எழுதிய 'ஃபிரத்தெல்லி தூத்தி' திருமடலின் இரண்டாம் அதிகாரம் முழுவதையும் இந்த உவமைக்கே ஒதுக்கி, இன்றைய சாலையோரங்களைச் சுட்டிக் காட்டினார். இருவரையும் எதிரெதிராக நிறுத்திப் பேசுகிறவர்கள் ஷார்த்ர் சாளரத்தைப் பார்க்கவில்லை போலும். அங்கே ஒரே ஈயச் சட்டத்துக்குள் இரண்டும் இருக்கின்றன.

அந்தச் சாளரத்தில் நம்மை மிகவும் தடுத்து நிறுத்தும் கட்டம் காயின் ஆபேலைக் கொல்லும் கட்டம்தான். ஆதாமின் வீழ்ச்சியைக் காட்டத்தான் வேண்டுமென்றால் இன்பவனத்தை விட்டுத் துரத்தப்படுவதோடு நிறுத்தியிருக்கலாமே! சகோதரக் கொலைவரை ஏன் போக வேண்டும்? கீழே சாளரம் தொடங்குவது ஒரு கேள்வியோடு. திருச்சட்ட அறிஞர், தமக்கு அடுத்திருப்பவர் யார் என்று கேட்டதற்கு விடையாகத்தான் இந்த உவமை பிறந்தது. மேலே காயினுக்கும் ஒரு கேள்வி உண்டு. தம்பி எங்கே என்று இறைவன் கேட்டபோது, தான் என்ன தம்பிக்குக் காவலாளியா என்று திருப்பிக் கேட்டவன் அவன். இரண்டும் ஒரே வகைக் கேள்விகள். பொறுப்பு எங்கே முடிகிறது என்று எல்லை கேட்கும் கேள்விகள்.

அந்தக் குருக்கள் படித்த இலத்தீன் விவிலியத்தில் காயின் சொல்லும் 'காவலாளி' என்பதற்குக் 'குஸ்தோஸ்' என்ற சொல் இருக்கிறது. சமாரியர் என்ற பெயருக்கு அகுஸ்தினார் சொன்ன பொருளும் அதே சொல்தான்: 'குஸ்தோஸ்', காவலர். நான் காவலாளி இல்லை என்றவன் மேலே. காவலர் என்றே பெயர்கொண்டவர் கீழே. இது நம் வாசிப்பு. ஆனால் அந்தச் சொல் தெரிந்தவர்கள்தான் அந்தச் சாளரத்தைத் திட்டமிட்டார்கள்.

இந்தக் கண்ணாடிக்கும் காவலர்கள் தேவைப்பட்டார்கள். 18ஆம் நூற்றாண்டில், திருப்பீடப் பகுதிக்கு வெளிச்சம் போதவில்லை என்று பேராலயக் குருக்களே சில பழைய சாளரங்களை எடுத்துவிட்டு வெற்றுக் கண்ணாடி போட்டார்கள். அதைக் கேட்டால் நெஞ்சு வலிக்கிறது. பிறகு நம் கோவில்களில் 'புதுப்பித்தல்' என்ற பெயரில் நாம் செய்தவை நினைவுக்கு வருகின்றன, வாயை மூடிக்கொள்கிறோம். முதல் உலகப் போரின் இறுதியிலும், மீண்டும் 1939இலும் சாளரங்களைக் கழற்றிப் பெட்டிகளில் அடைத்தார்கள். இரண்டாம் போரின்போது அவை தொலைவிலிருந்த தோர்தோஞ் பகுதியின் நிலத்தடிக் கற்சுரங்கம்வரை போயின. 1944 ஆகஸ்டு 16ஆம் நாள், கோபுரத்தில் எதிரிகள் ஒளிந்திருப்பதாகக் கருதிப் பேராலயத்தைக் குண்டு வீசித் தகர்க்கும் நிலை வந்தபோது, வெல்பர்ன் கிரிஃபித் என்ற அமெரிக்கக் கர்னல் தாமே உள்ளே சென்று தேடி, யாரும் இல்லை என்று உறுதிசெய்து தாக்குதலைத் தடுத்தார். அன்றே, அருகிலிருந்த லேவ் என்ற ஊரில் அவர் சுடப்பட்டு இறந்தார். போருக்குப் பின் கண்ணாடிகள் திரும்பி வந்து தங்கள் இடத்தில் ஏறின.

மறுபடியும் தெற்குப் பக்கச்சிறகுக்கு வருவோம். உச்சியில் அரியணையிலிருக்கும் கிறிஸ்துவைப் பார்த்து முடித்ததும் கழுத்து வலிக்கும். கண் தானாகவே இறங்கும். காயினைக் கடந்து, மண் கொத்தும் ஆதாமைக் கடந்து, சாவடிப் படுக்கையைக் கடந்து, பார்த்துக்கொண்டே போகும் இருவரையும் கடந்து, கடைசியில் காலணி தைப்பவர்களிடம் வந்து நிற்கும். அவர்கள் யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. எரிகோ சாலையில் போனவர் எல்லாருக்கும், நின்றவருக்கும் நிற்காதவருக்கும், காலில் ஏதாவது இருந்திருக்க வேண்டும். அதைத்தான் அவர்கள் தைத்துக்கொண்டிருக்கிறார்கள்.